தட்டாமல் ஒப்படைத்த பெட்டி

1. உள்ளே போன முதல் நாள்

அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் எல்லாரும் பாய்லரைப் பற்றியும் டர்பைனைப் பற்றியும்தான் கேட்பார்கள். கல்யாணத்துக்குப் போனவர்கள் மாப்பிள்ளையையும் பெண்ணையும்தானே பார்ப்பார்கள்? நான் முப்பத்தோரு வருடம் இருந்தது பந்திக்குப் பின்னால் எச்சில் இலை எடுக்கிற இடத்தில். அந்த இடத்துக்கு ஈ.எஸ்.பி. என்று பெயர். பாய்லரிலிருந்து வரும் புகையில் இருக்கிற சாம்பலை மின்சாரத்தால் இழுத்துப் பிடித்துவிட்டு, மிச்சப் புகையைச் சிம்னிக்கு அனுப்புகிற பெரிய இரும்புக் கூடம். நாங்கள் அதைப் பெட்டி என்போம்.

எங்கள் ஆலை புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் இருந்தது. இரும்பு உருக்குகிற ஆலை. தனக்கு வேண்டிய கரண்டை நிலக்கரி எரித்துத் தானே செய்துகொள்ளும். என் நைனா பாலசமுத்திரம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டினவர். நான் ஐ.டி.ஐ. முடித்து ஃபிட்டராகச் சேர்ந்தபோது ஆலை ஷட்டவுனில் இருந்தது. முதல் நாளே என்னையும், அன்றைக்கே சேர்ந்த பாஷாவையும் பெட்டிக்குள் அனுப்பினார்கள்.

எர்த் ராடு மாட்டியாயிற்று, உள்ளே கரண்ட் இல்லை என்று மூன்று பேர் மூன்று தடவை சொன்ன பிறகுதான் கதவைத் திறந்தார்கள். உள்ளே குனிந்து போய் நிமிர்ந்தேன். மூன்று மாடி உயரத்துக்கு இரும்புத் தகடுகள் வரிசை வரிசையாகத் தொங்கின. ஒரு தகட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. அந்தச் சந்தில் மேலேயிருந்து கீழே வரைக்கும் கம்பிகள். எல்லாவற்றின் மேலும் விபூதியைவிட நைசான சாம்பல். வெளியே அத்தனை இரைச்சலுள்ள ஆலை, உள்ளே என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது.

"ஏழுமலை, இது இன்னாடா, நகரி வேட்டிக் கடை மாதிரி தொங்குது?" என்றான் பாஷா. சிரிக்கத்தான் சொன்னான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைகூப்பத் தோன்றியது. வெட்கமாக இருந்ததால் கூப்பவில்லை. இந்தக் கம்பிகளில் ஐம்பதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும். அப்போது புகையில் பறக்கிற ஒவ்வொரு துகளும் தானாகத் தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று படித்திருந்தேன். படித்தது வேறு, அதன் வயிற்றுக்குள் நிற்பது வேறு. ஓய்வு பெறும் நாள்வரை ஒவ்வொரு ஷட்டவுனிலும் உள்ளே போனேன். ஒரு தடவைகூட அந்த மலைப்பு குறையவில்லை.

2. இரவல் பாத்திரம்

தகட்டில் ஒட்டின சாம்பல் அங்கேயே இருந்தால் ஆகாது. அதை உதிர்க்க உள்ளே சுத்தியல்கள் உண்டு. மோட்டார் சுற்றும், சுத்தியல் தகட்டின் ஓரத்தில் போய் அடிக்கும், சாம்பல் கீழே ஹாப்பர் என்கிற புனலில் விழும். இதற்கு ராப்பிங் என்று பெயர். எங்களுக்கு அது தட்டுறது. எங்கள் பெட்டியில் புகை வரிசையாகக் கடந்து போகிற நான்கு பகுதிகள், நான்கு ஃபீல்டு. எதை எப்போது தட்டவேண்டும் என்று பேனலில் டைமர் வைத்திருப்பார்கள். அவசரத்துக்கு மேனுவல் ஸ்விட்சும் உண்டு.

சேர்ந்து ஏழெட்டு வருடத்தில் நான் ஷிஃப்ட் ஃபோர்மேன் ஆனேன். அப்போது ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். எங்கள் வீட்டில் இரவல் வாங்கின பாத்திரத்தைக் கழுவாமல் திருப்பிக் கொடுத்தால் அம்மா கையாலேயே அடிப்பாள். அதே புத்தி எனக்கு. ஷிஃப்ட் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது நான்கு ஃபீல்டையும் மேனுவலில் போட்டு ஒரேயடியாகத் தட்டிவிட்டு, அடுத்தவனிடம் சுத்தமான பெட்டியை ஒப்படைக்க வேண்டும். காலை ஆறு, மதியம் ரெண்டு, ராத்திரி பத்து, மூன்று ஷிஃப்டுக்கும் இதுதான் சட்டம்.

யாரும் மறுக்கவில்லை. அதில் ஒரு மானம் இருந்தது. தட்டாமல் போகிறவனை "இன்னாபா, உன் குப்பைய என் தலைல கொட்டிட்டுப் போற?" என்று கேட்பார்கள். பாஷா அதற்குள் பேனல் ஆபரேட்டர் ஆகியிருந்தான். நமாஸ் நேரம் தப்பினாலும் தப்பும், தட்டுகிற நேரம் அவனுக்குத் தப்பாது. வேறு ஆலையிலிருந்து யாராவது வந்தால் இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன். வருடக்கணக்கில் பீற்றிக்கொண்டேன்.

3. பதி ரோஜுலு

பிறகு புகைக்குப் புது விதி வந்தது. எங்கள் ஆலைக்கு ஒரு கன மீட்டர் புகையில் ஐம்பது மில்லிகிராம் தூசிக்கு மேல் இருக்கக்கூடாது. அதுவரைக்கும் எங்களுக்கு அதைப் போல மூன்று மடங்கு இடம் இருந்தது; நிம்மதியாக இருந்தோம். இப்போது சிம்னியில் மீட்டர் வைத்து மணிக்கு ஒரு சராசரி எழுதினோம். எண் ஐம்பதுக்கு மேலேயே நின்றது.

சாம்பல் வெளியே போகிறதென்றால் தகடு அழுக்காக இருக்கிறது. அழுக்காக இருந்தால் தட்டு. இதுதான் எங்கள் வைத்தியம். டைமரைக் குறைத்து இரண்டு மடங்கு தட்டினோம். எண் ஏறியது. இன்னும் தட்டினோம். இன்னும் ஏறியது. கரியில் சாம்பல் ஜாஸ்தி, சப்ளை செய்தவன் ஏமாற்றிவிட்டான் என்று கரியைத் திட்டினோம்.

அந்தச் சமயத்தில்தான் ஆலைக்கு ஒன்றரை மைல் தூரத்தில் இருக்கிற நெசவுத் தெருவிலிருந்து புகார் போயிற்று. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. மேனேஜர் வெங்கடரமணா சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவர் கோபம் வந்தால் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பார்.

"ஏமய்யா ஏழுமலை, பதி ரோஜுலு டைம் இச்சாரு. பத்து நாள். பதினோராவது நாள் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ் மேடம் வந்து சிம்னியில அளப்பாங்க, அப்புறம் அந்தத் தெருவுக்கும் போவாங்க. புகார் குடுத்தவங்க முன்னாடிதான் முடிவு. சரியா இல்லேன்னா யூனிட் க்ளோஸ். புதுப் பெட்டி கட்டற வரைக்கும் திறக்க விடமாட்டாங்க."

யூனிட் நின்றால் பர்மனென்ட் ஆட்களை வேறு எங்கேயாவது தள்ளிவைப்பார்கள். கான்ட்ராக்ட் ஆட்களை மறுநாளே வரவேண்டாம் என்பார்கள். சாம்பல் அள்ளுகிறவர்கள், கரி தள்ளுகிறவர்கள், பாதிப்பேர் எங்கள் பாலசமுத்திரம் பக்கத்து ஆட்கள். பலரை நான்தான் வீட்டு வாசலில் போய்ப் பேசிக் கூட்டிவந்தேன். மறுபடியும் கரும்பு வெட்டப் போ என்று அவர்களிடம் எந்த முகத்தோடு சொல்வது?

"புகார்ல முதல் கையெழுத்து லோகம்மான்னு ஒரு அம்மா. நீ போய்ப் பேசு. நுவ்வு வாள்ள பாஷே கதா" என்றார். நீயும் அவங்க பேசுற பேச்சுதானே என்று அர்த்தம்.

லோகம்மாவை எனக்குத் தெரியும். அதுதான் தொல்லை. ஒரு வருடம் முன்னால் அந்த அம்மா சாம்பல் பட்ட நூலைக் கையில் எடுத்துக்கொண்டு ஆலை கேட்டுக்கே வந்தார். "உங்க தெருவுல எத்தினி விறகடுப்பு எரியுதுக்கா, அதுல வந்திருக்கும்" என்று சொல்லி அனுப்பிவைத்தவன் நான்தான்.

4. பாவுத் தெரு

வேட்டிக்கோ சேலைக்கோ நீளவாக்கில் ஓடுகிற நூலுக்குப் பாவு என்று பெயர். அந்தத் தெருவில் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். கஞ்சி ஈரத்தில் சாம்பல் விழுந்தால் அது நூலோடு நூலாகக் காய்ந்துவிடும். கழுவினாலும் போகாது.

நான் போனபோது பதினொரு மணி இருக்கும். லோகம்மா என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். என்னைப் பார்த்ததும் பாவிலிருந்து கையை எடுக்காமலே பேசினார்.

"வாபா, கம்பெனிக்காரரே. அடுப்பப் பாக்க வந்தியா? வீட்டாண்ட போ, என் மருமவ சோறாக்கிக்கினு கீறா. கேஸ் அடுப்பு. நல்லா பாத்துட்டு வா."

எனக்குத் தேவைதான். தலையைக் குனிந்துகொண்டு, "சாம்பல் எப்பக்கா வருது? நாள் பூராவா?" என்று கேட்டேன்.

"நாள் பூரா வந்தா நாங்க எப்பிடிப் பொழைக்கிறது? எங்களுக்கு அதான் கடியாரம். காலைல உங்க ஆறு மணி சங்கு ஊதும்போது ஒரு வாட்டி வரும். அது விழுந்து அடங்கினப்புறம்தான் பாவு விரிப்போம். ரெண்டு மணி சங்குக்குள்ள காயவெச்சிச் சுருட்டிடணும். சுருட்டலேன்னா போச்சி. சின்னப் புள்ளயக் கேட்டாக்கூடச் சொல்லும்."

"எத்தனை வருஷமா?"

"யாரு கணக்கு வெச்சிக்கினா? வருசக்கணக்காத்தான். அதோட ஒத்துப் போய்க்கினுதான் இருந்தோம். இப்போ நாலு மாசமா நடு நடுவுல வருது. பத்து மணிக்கு வருது, பன்னண்டுக்கு வருது. சோறு துன்னப் போயிட்டு வர்றதுக்குள்ள வந்துடுது. அதாலதான் எழுதிப் போட்டோம்."

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஆறு மணி, ரெண்டு மணி. நாலு மாதம். நாங்கள் டைமரைக் குறைத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் பெட்டிக்குள் நடப்பதை அந்த அம்மா ஒன்றரை மைல் தள்ளி நின்று, ஒரு மீட்டரும் இல்லாமல், நிமிடக் கணக்காகச் சொல்கிறார். எங்களிடம் மீட்டர் இருந்தது. மணிக்கு ஒரு சராசரி எடுத்தால் ஐந்து நிமிடப் புகை அறுபது நிமிடத்தில் கரைந்து போகும். கண்ணாலாவது பார்த்திருக்கலாம். ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் போகிறவன் பஸ்ஸைப் பார்ப்பான், வருகிறவன் கைரேகை மிஷினைப் பார்ப்பான். ஒருத்தனும் தலையைத் தூக்கிச் சிம்னியைப் பார்த்ததில்லை.

அன்றைக்கு ரெண்டு மணிக்கு நான் தெரு முனையிலேயே நின்று பார்த்தேன். சங்கு ஊத இரண்டு நிமிடம் இருக்கும்போது சிம்னி வாயில் ஒரு சாம்பல் நிற உருண்டை எழும்பியது. பாஷா சுத்தமான பெட்டியை ஒப்படைத்துக்கொண்டிருந்தான். காற்று அந்த உருண்டையை இழுத்துக்கொண்டு தெருவுக்கு நேராக வந்தது. என் சட்டைக் கையில் விழுந்த முதல் பொட்டை நான் துடைக்கவில்லை.

5. பாஷாவின் கை

ஏன் இப்படி என்று யோசிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. பதில் தெரிந்ததும் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தனித்தனித் துகளாக இருக்கிற சாம்பலுக்குக் கீழே விழுகிற கனம் கிடையாது. தகட்டில் கொஞ்ச நேரம் இருந்து, பக்கத்துத் துகளோடு சேர்ந்து, ஒரு வறட்டி கனத்துக்கு ஆனால்தான் தட்டினதும் பாளமாக நேரே ஹாப்பருக்குள் விழும். அதற்கு முன்னால் தட்டினால் பொடியாகப் பறந்து மறுபடி புகையிலேயே கலந்துவிடும். நான்கு ஃபீல்டையும் சேர்த்துத் தட்டினால் அதைப் பிடிக்க அடுத்த ஃபீல்டும் கிடையாது, நேராகச் சிம்னிதான். பிடித்த திருடனை நாங்களே கதவைத் திறந்து அனுப்பிக்கொண்டிருந்தோம்.

மேனேஜரிடம் சொன்னேன். தட்டுவதைக் குறைக்கப் போகிறேன் என்றதும் அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "சரே, செய். தப்பாப் போச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்" என்றார்.

அவரை ஒத்துக்கொள்ளவைத்தது சுலபம். பாஷாதான் கஷ்டம்.

"தட்டாம எப்பிடிடா ஒப்படைக்கிறது? அடுத்த ஷிஃப்ட் ராமுலு என் மூஞ்சில துப்புவான்."

"துப்பட்டும். துடைச்சிக்கோ."

"நீதானே இந்தச் சட்டம் போட்டவன்?"

"ஆமாடா, நான்தான். அதான் நானே வந்து சொல்றேன்."

இத்தனை வருடத்தில் நான் தப்பு என்று ஒப்புக்கொண்டு பாஷா கேட்டதில்லை. எழுந்து போய் டீ வாங்கிக்கொண்டு வந்தான். ஒன்றை என் கையில் கொடுத்தான்.

டைமரை மாற்றினேன். புகையைச் சந்திக்கிற முதல் ஃபீல்டில்தான் சாம்பல் அதிகம் சேரும். அதை மட்டும் அடிக்கடி தட்டலாம். இரண்டாவதை நிதானமாக, மூன்றாவதை இன்னும் நிதானமாக, கடைசி ஃபீல்டை ஒரு நாளைக்கு இரண்டு தடவை. ஒன்று தட்டும்போது இன்னொன்று தட்டக்கூடாது. முதல் நாள் பேனலில் கரண்ட் முள் கொஞ்சம் இறங்கியது. தகட்டில் சாம்பல் ஏறுகிறது என்று அர்த்தம். அதைப் பார்த்து ஒவ்வொரு ஆபரேட்டரும் நெளிந்தான். நான் பேனலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கை வைக்காதே, கை வைக்காதே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே கை துறுதுறுவென்றது.

கடைசி ஃபீல்டு தட்டுகிற நேரம் வந்ததும் ஹாப்பருக்கு ஓடினேன். அதன் அடியில் காப்பு சுற்றாத குழாயில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். முன்பெல்லாம் சர்ர்ரென்று மணல் சரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அன்றைக்குச் சுத்தியல் அடித்ததும் ஒரு கணம் ஒன்றும் இல்லை. அப்புறம் 'தொப்' என்று கனமாக ஒன்று விழுந்தது. மறுபடி 'தொப்'. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாம்பலுக்கு யாரும் அழுவார்களா என்று கேட்காதீர்கள், நான் அழுதேன். நாங்கள் சும்மா இருந்தால் போதும், அது தானே விழுகிறேன் என்று அத்தனை வருடம் காத்திருந்திருக்கிறது.

ஆறாம் நாள் காலையில் மேனேஜர் காரைவிட்டு இறங்கி மேலே பார்த்தார். அங்கிருந்தே கன்ட்ரோல் ரூமுக்கு போன் போட்டார். "யூனிட் ட்ரிப் அயிந்தா?" யூனிட் நின்றுபோய்விட்டதா என்று கேட்டார். முழு லோடில் ஓடுது சார் என்றார்கள். நம்பாமல் பேனலுக்கே வந்து பார்த்தார். பிறகு நாங்கள் இரண்டு பேரும் வெளியே போய் நின்றோம். உள்ளே வண்டி வண்டியாகக் கரி எரிந்துகொண்டிருந்தது. சிம்னி வாயில் லேசாக அனல் நெளிந்தது. அதற்கு மேலே வெறும் வானம்.

6. ரெண்டு மணி

பதினோராவது நாள் மேடம் வந்தார். அமைதியான ஆள். காலையில் சிம்னியில் ஏறி அளந்தார்கள், எண் ஐம்பதுக்குக் கீழே வந்தது. நான் மூச்சு விட்டேன். மேடம் நோட்டை மூடிவிட்டு, "இப்ப தெருவுக்குப் போலாம்" என்றார்.

லோகம்மாவிடம் எண்ணைச் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டார்.

"நெம்பர் இருக்கட்டும் மேடம். எனக்கு நெம்பரு தெரியாது. ரெண்டு மணிக்குப் பாவு விரிக்கிறேன். வெள்ளப் பாவு. நீங்களும் நில்லுங்க, இந்த ஆளும் நிக்கட்டும். சங்கு ஊதி அடங்கினப்புறம் பேசலாம்."

ஒன்றே முக்காலுக்குத் தெருவே சேர்ந்து பாவை விரித்தது. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு பொட்டு இல்லாத வெள்ளை. ரெண்டு மணிக்குப் பாவு விரித்து யாரும் பார்த்ததில்லையாம், வாசலுக்கு வாசல் பெண்கள் வந்து நின்றார்கள். என்னை லோகம்மா ஒரு முனையில் பாவு கட்டின குச்சிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்.

எனக்கு மனசெல்லாம் பாஷாவின் கையில் இருந்தது. பேனலில் இப்போது அவன். ஸ்விட்சைப் பூட்டிவைக்கலாமா என்று காலையில் யோசித்து, இத்தனை நாள் பழகினவனை அவமானப்படுத்த வேண்டாமென்று விட்டிருந்தேன். ஒரு வாரமாக நான் பக்கத்தில் இருந்தேன். இன்றைக்கு இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக இந்த நேரத்தில் தானாக ஸ்விட்சுக்குப் போன கை அது. ஒரே ஒரு தடவை மறந்து போனால் போதும், எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேர் வீட்டிலும் உலை வைக்க முடியாது.

நிற்க முடியாமல் பேசிவிட்டேன். "அக்கா, போன வருஷம் உங்க அடுப்புன்னு சொன்னேனே. அது என் வேலைதான். இந்தத் தட்டுற வழக்கத்தக் கொண்டாந்ததே நான்தான்."

லோகம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேசாம நில்லுபா. நூலு ஆடுது."

சங்கு ஊதியது. எல்லாரும் சிம்னியைப் பார்த்தோம். ஒன்றும் எழவில்லை. ஒன்றுமில்லாததை ஒரு தெரு முழுக்க நின்று பார்த்தது அன்றைக்குத்தான். லோகம்மா மட்டும் வானத்தைப் பார்க்கவில்லை, பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கால் மணி கழித்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வெள்ளை நூல்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே நடந்தார். கடைசியில் நின்று கையைத் திருப்பிப் பார்த்தார். வெயிலில் தூக்கிப் பிடித்து மறுபடியும் பார்த்தார்.

பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "அடியே, கஞ்சிய எடுத்துக்கினு வாடி!" என்று கத்தினார்.

மேடம் நோட்டைத் திறந்து, யூனிட் ஓடலாம் என்று எழுதினார். என்ன எழுதினார்கள் என்று லோகம்மா கேட்கவில்லை. அவருக்குக் கஞ்சி வேலை தொடங்கிவிட்டது.

சாயங்காலம் பாஷாவைப் பார்த்தபோது, "எப்பிடிடா சும்மா இருந்த?" என்று கேட்டேன். "ஒன்னே முக்கால்ல இருந்து ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சிக்கினு உக்காந்தேன். ராமுலு வந்து, இன்னாபா ஜுரமான்னு கேட்டான்" என்றான்.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகள் புதுப்புது மிஷின்களைப் பற்றிப் பேசுகிறார்கள், கேட்க ஆச்சரியமாக இருக்கிறது. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் உண்டு. நான் சோம்பேறியாக இருந்து அந்தத் தெருவைக் கெடுக்கவில்லை. ஒழுங்காக, மானத்தோடு, தினம் மூன்று வேளை சுத்தம் செய்து கெடுத்தேன். ஒன்றைச் சுத்தம் செய்து முடித்ததும் கையைத் தட்டிவிட்டுப் போகாதீர்கள். வெளியே வந்து, அந்த அழுக்கு யார் வீட்டு வாசலில் போய் விழுகிறது என்று தலையைத் தூக்கிப் பாருங்கள்.